நாற்பத்தைந்து பவுண்டு வில்லுக்கு எந்த முனை?

"அவ வில்லு நாப்பத்தஞ்சு பவுண்டுதான் மாப்ளே. அதுல பாதி பலத்த உன் கத்தி விரியறதுக்கே தின்னுடும். மிச்சத்த வெச்சு மானுக்கு முதுகு சொறிஞ்சு விடலாம்."

"விரிஞ்சா ரெண்டு அங்குலம் மச்சான். ரெண்டு. உங்க முனை போடற ஓட்டையில ஒரு சட்டை பட்டன் நுழையுமா?"

"சின்ன ஓட்டையா இருந்தாலும் ரெண்டு பக்கமும் இருக்கும்டா. உன்னோடது ஒரு பக்கமா போயி உள்ளயே குடித்தனம் பண்ணும்."

"போன வருஷம் நான் போட்டது உங்க முனையத்தானே? எங்க போச்சு? மான் நின்னது ஒரு எடம், அம்பு போனது ஒரு எடம்."

"அது முனை தப்பில்ல. உன் வில்லு தப்பு."

"இப்ப என் வில்லையும் சொல்லிட்டீங்களா?"

நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கராஜுக்குப் போகும் கதவு பாதி திறந்திருந்தது. இருபது நிமிடமாக இந்தச் சண்டை நடக்கிறது. அவர்கள் சண்டை போட்டது என் அம்பைப் பற்றி. என் வில், என் அம்பு, நான் ஏறப்போகிற மரம். என்னை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

கையில் கத்தியோடு வாசலில் போய் நின்றேன். "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்."

"ரொம்ப நல்லதா போச்சு, நீயே சொல்லுக்கா," என்றான் ட்ராய். "விரிகத்தியா, நிலைக்கத்தியா?"

"உருளைக்கிழங்கு. ரெண்டு பேரும் வந்து உரிங்க."

இந்த வில்வேட்டை இணையக் குழுவில் நாலு வருடமாக இருக்கிறேன். மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி. இப்போது நானே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் நடந்ததை முழுவதும் எழுதிவிட்டுக் கேட்கிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் டார்லா. வயது ஐம்பத்தொன்று. விஸ்கான்சினின் தென்மேற்கு மூலையில், மேடும் பள்ளமுமான பகுதியில் இருக்கிறோம். நான் தீவனக் கடையில் வேலை செய்கிறேன். ரோலி என் வீட்டுக்காரர், ட்ராய் என் தம்பி. மூன்று பேரும் வில்லில் மான் வேட்டையாடுகிறவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் தீவன மூட்டை தூக்கும்போது என் வலது தோளில் தசை கிழிந்து, அறுவைச் சிகிச்சை ஆயிற்று. அதற்கு முன்னால் நாணை இழுக்க ஐம்பத்தெட்டு பவுண்டு பலம் வேண்டிய வில்லை இழுத்துக்கொண்டிருந்தேன். இப்போது நாற்பத்தைந்து. அதற்கு மேல் ஒரு பவுண்டு ஏற்றினாலும் தோள் மறுநாள் காலை வரை என்னோடு பேசிக்கொண்டே இருக்கும்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி. நிலைக்கத்தி என்றால் அம்பு முனையில் கத்திகள் எப்போதும் வெளியே நிற்கும். உறுதியானது. ஆனால் அந்தக் கத்திகளிலும் காற்று பிடிக்கும், வில்லில் மயிரிழை கோணல் இருந்தாலும் அம்பு விலகிப் போகும். விரிகத்தி பறக்கும்போது கத்தியை மடக்கிக்கொண்டு போகும், மானின் மேல் பட்டதும் குடை மாதிரி விரியும். நேராகப் பறக்கும், பெரிதாக வெட்டும். ஆனால் விரிவதற்குப் பலம் செலவாகும். அறுபது பவுண்டு இழுக்கிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. எனக்குப் பிரச்சினை.

இதைவிடப் பெரிய பிரச்சினை பெவ் அக்கா.

பெவ் அக்காவுக்கு எண்பது ஏக்கர். பாதி புல்வெளி, பாதி ஓக் மரங்கள் நிறைந்த மேடு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். பத்தொன்பது வருடமாக அந்த மேட்டில் எங்களை வேட்டையாட விடுகிறார். பதிலுக்கு நாங்கள் வேலி கட்டிக் கொடுப்போம், விழுந்த மரம் அறுத்துக் கொடுப்போம், கிறிஸ்துமஸுக்கு மான் சாசேஜ் ஒரு பெட்டி கொடுப்போம். சுற்றி இருக்கிற நிலமெல்லாம் நகரத்துக்காரர்கள் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள். பெவ் அக்காவின் மேடு போனால் எங்களுக்கு மிச்சம் அரசாங்கக் காடுதான். அங்கே மானைவிட மனிதர்கள் அதிகம்.

போன வருடம் ட்ராய் விட்ட அம்பு ஒரு இளம் கொம்பன் மானின் வயிற்றில் பட்டுவிட்டது. இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து, பெவ் அக்கா வீட்டு முன்கூடத்தில் சர்ச் பெண்கள் நாலு பேர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய நாய் ஒரு பின்னங்காலை முழுசாக இழுத்து வந்து நடுவில் போட்டது. மிச்சத்தை அவரே போய்ப் பார்த்தார். அந்த மான் சீக்கிரம் சாகவில்லை என்பது படுத்துப் படுத்து எழுந்த இடங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

இந்த செப்டம்பரில் நான் கேட்கப் போனபோது அவர் பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயைக்கூட நிறுத்தவில்லை.

"மூணு பேரும் வேண்டாம். நீ மட்டும் ஏறு. ஆனா இன்னொரு மான் என் நெலத்துல காயத்தோட சுத்தி, அழுகிக் கெடந்துச்சுன்னா, பத்தொம்பது வருஷப் பழக்கம் அன்னியோட முடிஞ்சுது. கோவத்துல சொல்லல டார்லா. யோசிச்சுத்தான் சொல்றேன்."

"புரியுதுக்கா."

"ட்ராய்க்கும் புரியுமா?"

"அவனுக்குப் புரிய வெக்கறேன்."

"நல்லா புரிய வை. என் நாய் இன்னும் அவன் வண்டிய பாத்தா வாலாட்டுது."

இதுதான் விஷயம். ஒரே ஒரு அம்பு. அதன் முனையில் என்ன மாட்டுவது.

உருளைக்கிழங்குச் சண்டைக்கு மறுநாள் சனிக்கிழமை. பேசிப் பிரயோஜனமில்லை, விட்டுப் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். நான் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் இரண்டு பேரும் ஏற்பாடு செய்துவிட்டார்கள். அம்பு விட்டுப் பழகுகிற நுரைப் பலகைக்கு முன்னால் ஒரு தீவனச் சாக்கு தொங்கியது. சாக்குக்குள் ஏதோ கனமாக இருந்தது.

"உள்ள என்னங்க?" என்று கேட்டேன்.

ரோலி மேகத்தைப் பார்த்தார். ட்ராய்தான் சொன்னான். "பன்னித் தோளுக்கா. எலும்போட. மான் தோள் மாதிரியே இருக்கும்."

"நாளைக்கு மத்தியானத்துக்கு வெச்சிருந்த பன்னித் தோளா?"

"வேற எலும்பு இல்லம்மா," என்றார் ரோலி.

நாளை மதியம் சாப்பிட வருவது அவருடைய அக்கா, அக்கா வீட்டுக்காரர், அவர்களுடைய பாதிரியார். சாக்கு சுத்தமானதா என்று மட்டும் கேட்டுவிட்டு வில்லை எடுத்தேன். எனக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது.

இருபது கஜம். முதலில் விரிகத்தி. குறி வைத்த கறுப்புப் பொட்டில் போய் நின்றது. ட்ராய் கைதட்டினான். சாக்கை அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே போகும் இடத்தில் வெட்டு முழுசாக இரண்டு அங்குலம். ஆனால் எலும்பில் முட்டி, அங்கேயே நின்றுவிட்டது. முனை அந்தப் பக்கம் வரவில்லை.

"குடித்தனம்," என்றார் ரோலி.

அடுத்தது நிலைக்கத்தி. அதே இருபது கஜம், அதே பொட்டு. அம்பு இடது பக்கம் ஆறு அங்குலம் தள்ளிப் போனது. பன்றித் தோளின் ஓரத்தைத் துளைத்து, எலும்பு விளிம்பையும் உடைத்து, பின்னால் இருந்த பலகையில் பாதி அம்பு இறங்கியிருந்தது.

"பூந்து போச்சு பாத்தியா?"

"பூந்துதான் போச்சு. எங்க பூந்துச்சு? அக்கா குறி வெச்சது நெஞ்சுக்கு மச்சான், அம்பு போனது வயித்துக்கு. போன வருஷம் எனக்கும் இதேதான்."

மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் இடது பக்கம், ஆறு அங்குலம். பத்து கஜத்துக்கு நடந்து போய் விட்டேன். இரண்டு அங்குலம்தான். அதற்குள் தோள் போதும் என்றது.

ஞாயிறு மதியம் ரோலியின் அக்கா கறியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பிடி ஆழமா கீறி விட்டா பூண்டு நல்லா எறங்குமோ?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பாதிரியார் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

நிலைக்கத்தி விலகுவது முனையின் குற்றமில்லை, வில்லின் குற்றம் என்பது எனக்கும் தெரியும். அம்பு உட்கார்கிற தாங்கியை மயிரிழை நகர்த்தி, நாணைச் சரிசெய்தால் சரியாகிவிடும். அதற்கு வில் கடைக்காரர் வேண்டும். எங்கள் ஊர் வில் கடைக்காரர் ஒவ்வொரு அக்டோபரிலும் கடையைப் பூட்டிவிட்டு எல்க் என்கிற பெரிய மானை வேட்டையாட மேற்கே மலைக்குப் போய்விடுவார். கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: "மலைக்குப் போயிருக்கிறேன். உங்கள் வில் போன மாதமே கெட்டிருக்கக் கூடாதா?"

ரோலி நானே செய்கிறேன் என்று ஆலன் கீ என்கிற திருகுச் சாவியை எடுத்தார். ஒரு மாலை முழுக்கத் திருகினார். ஆறு அங்குலம் ஒன்பது ஆனது. நல்ல வேளை, தொடங்கும் முன் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன். பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தினேன்.

"இன்னும் ஒரே ஒரு திருகு திருகியிருந்தா வந்திருக்கும்," என்றார்.

"சாவிய கீழ வைங்க."

அன்று முடிவு செய்தேன். விரிகத்தி. குறி வைத்த இடத்தில் போகிறது. எலும்பில் படாமல், மான் முழுப் பக்கம் காட்டி நிற்கும்போது, விலா எலும்புகளுக்கு நடுவே விட்டால் என் நாற்பத்தைந்து பவுண்டுக்கும் அது போதும். இருபது கஜத்துக்கு மேல் விடக் கூடாது. கோணலாக நின்றால் விடக் கூடாது. இதைச் சொன்னதும் ட்ராய் வெற்றி பெற்ற கட்சிக்காரன் மாதிரி வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.  இரவுச் சாப்பாட்டின்போது ரோலி, "என்னோடது ஒண்ணையும் கூட வெச்சுக்க. பேச்சுக்கு," என்றார். வீட்டு அமைதிக்காக ஐந்தாம் நம்பர் அம்பில் அவருடைய முனையை மாட்டி வைத்தேன்.

நம்பர் என்றேன் அல்லவா. உங்களில் பலரும் செய்வதுதான். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய ஆறு அம்பும் ஒரே மாதிரி பறப்பதில்லை. அதனால் மார்க்கரால் நம்பர் போட்டு, எது நன்றாகப் போகிறது என்று பார்த்து, அதை வேட்டைக்கு ஒதுக்குவோம். எனக்கு மூன்றாம் நம்பர். கண்ணை மூடிக்கொண்டு விட்டாலும் பொட்டில் போகும். பயிற்சி முடிந்த அன்று மூன்றையும் ஐந்தையும் அம்புக்கூட்டில் செருகி, கராஜில் மாட்டிவிட்டேன்.

அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. மதியம் இரண்டரைக்கு மேட்டில் ஏறினேன். காற்று வடமேற்கிலிருந்து, சரியாக முகத்தில். மரத்தில் கட்டியிருக்கிற பரணில் உட்கார்ந்து, இடுப்புப் பட்டையை மரத்தோடு மாட்டி, கயிற்றில் வில்லை மேலே இழுத்து, மூன்றாம் நம்பரை நாணில் பூட்டினேன். கீழே ஓக் கொட்டைகள் அப்படி உதிர்ந்து கிடந்தன. ஒரு அணில் என்னை ஒரு மணி நேரம் திட்டியது. ட்ராயிடமிருந்து செய்தி வந்தது: "ஏதாச்சும்?" பத்து நிமிடம் கழித்து மறுபடி: "இப்ப?" தொலைபேசியை அணைத்து வைத்தேன்.

நாலரை இருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு பழக்கம், அம்பு முனையின் மடக்கிய கத்தி முதுகை விரலால் லேசாகத் தடவிப் பார்ப்பேன். தடவினேன். ஏதோ சரியில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினேன். கத்தியின் ஓரம் மழுங்கல். இன்னொரு பக்கம் பார்த்தேன், சின்னதாக ஒரு திருகாணி கத்தியை இறுக்கிப் பிடித்திருந்தது.

விரிகத்தி வாங்குகிறவர்களுக்குத் தெரியும். பெட்டியில் மூன்று நிஜ முனையோடு, பயிற்சிக்கென்று ஒரு முனை வரும். அதே எடை, அதே உருவம். விரியாது, வெட்டாது. நல்ல கத்தி வீணாகாமல் இருக்க அதை வைத்துப் பயிற்சி எடுப்போம். நானும் அதைத்தான் செய்தேன். எந்த அம்பில் மாட்டினேன்? நன்றாகப் போகிற அம்பில். நன்றாகப் போகிற அம்பு எது? மூன்றாம் நம்பர். வேட்டைக்கு எடுத்து வந்தது எது? அதே மூன்றாம் நம்பர். நிஜ முனைகள் மூன்றும் கராஜில், பெட்டியில், பத்திரமாக இருந்தன. இருபத்தாறு வருடமாக வேட்டையாடுகிறேன். மரத்தின் மேல் உட்கார்ந்து என்னையே இரண்டு வார்த்தை திட்டிக்கொண்டேன். அணில்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தது.

மிச்சம் இருந்தது ரோலியின் நிலைக்கத்தி. ஐந்தாம் நம்பர். இருபது கஜத்தில் ஆறு அங்குலம் இடது.

இறங்கிப் போய்விடலாம் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் முனையை மாற்றிக்கொண்டு வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். அப்படி நினைத்துக்கொண்டே ஐந்தாம் நம்பரைப் பூட்டும்போதுதான் அவன் வந்தான்.

எட்டுக் கிளைக் கொம்பன். கழுத்து வீங்கி, நெஞ்சு அகன்று. என் சுவரில் அப்படி ஒரு கொம்பு கிடையாது. இருபத்தி நாலு கஜத்தில் முழுப் பக்கமும் காட்டி நின்று, ஓக் கொட்டை தின்ன ஆரம்பித்தான். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். தலை வலது பக்கம். அப்படியென்றால் அம்பு இடது பக்கம் விலகினால் வயிற்றில் போகும். எட்டு அங்குலம் வலது பக்கம் தள்ளிக் குறி வைத்தால் என்ன? அதையும் கணக்குப் போட்டேன், பொய் சொல்ல மாட்டேன். மானுக்கு முன்னால் இருக்கிற வெறும் காற்றைக் குறிவைத்து, கடைசியில் சரியாகிவிடும் என்று நம்பி விட வேண்டும். நான் விடவில்லை. நாணைக்கூட இழுக்கவில்லை. நாலு நிமிடம் தின்றான். பிறகு பெவ் அக்காவின் புல்வெளிப் பக்கம், அவன் சொந்த நிலம் மாதிரி, மெதுவாக நடந்து போனான்.

 கையுறையை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு ஒரு பெண்மான் வந்தது. தனியாக, குட்டி இல்லை. என் மரத்துக்கு நேராகத்தான் தடம். இருபது கஜம். பதினைந்து. வா, இன்னும் கொஞ்சம் வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். பத்து கஜத்தில் ஒரு காய்ந்த பைன் மரத்தின் பின்னால் அதன் தலை மறைந்தபோது நாணை இழுத்தேன். தலை வெளியே வந்தது, தோள் வந்தது, விலா வந்தது. நின்றது. பத்து கஜத்தில் இரண்டு அங்குலம் இடது. எனக்குத் தெரியும், விட்டுப் பார்த்திருக்கிறேன். தோளுக்குப் பின்னால், இரண்டு அங்குலம் வலது தள்ளி வைத்து, விட்டேன்.

சத்தம் கேட்டது. மான் எகிறி, வாலை உடம்போடு ஒடுக்கிக்கொண்டு ஓடி, சரிவில் இறங்கி மறைந்துவிட்டது. மான் நின்ற இடத்துக்கு அந்தப் பக்கம் மண்ணில் என் அம்பு குத்திக்கொண்டு நின்றது. ஊடுருவிப் போயிருந்தது.

அரை மணி நேரம் இறங்கக் கூடாது. அவசரப்பட்டுத் துரத்தினால், படுக்கப் போகிற மான்கூட எழுந்து ஓடும். தொலைபேசியை மறுபடி போட்டு வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "பெண்மான். சரிவில் போயிருக்கு. மெதுவா வாங்க." இருபது நிமிடத்தில் பிக்கப் வண்டி பெவ் அக்கா வீட்டைத் தாண்டி வரும் சத்தம் கேட்டது. அது மெதுவாக வருகிற வண்டிச் சத்தமில்லை. அதனால் பெவ் அக்காவும் கையில் டார்ச்சோடு, நாயோடு, பின்னாலேயே ஏறி வந்தார். நான் இறங்கும்போது மூன்று பேரும் மரத்தடியில் நின்றார்கள். இன்னும் வெளிச்சம் கொஞ்சம் இருந்தது.

ரோலி அம்பைப் பிடுங்கிப் பார்த்தார். தன் முனையை அடையாளம் கண்டுகொண்டார். அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"டார்லா. இது என்னோடது."

"பேசாம இருங்க. அப்பறம் சொல்றேன்."

அம்பில் இளஞ்சிவப்பு ரத்தம், நுரையோடு. நுரையீரல். நல்ல அறிகுறி. ஆனால் தரையில் அதிகம் இல்லை. இங்கே ஒரு சொட்டு, நாலு அடி தள்ளி ஒரு சொட்டு. ட்ராய் குனிந்தபடியே நடந்தான்.

"பட்டன் ஓட்டைன்னு சொன்னேன்ல. இதே விரிகத்தியா இருந்தா ரோடு போட்ட மாதிரி இருக்கும். ஒரு கொழந்தகூட தொடர்ந்து போகலாம்."

"நுரை இருக்குல்ல மாப்ளே. நுரைய பாரு."

"நுரை அம்புல இருக்கு மச்சான். மான் எங்க இருக்கு?"

சரிவின் விளிம்பில் ரத்தம் நின்றுவிட்டது. ஒன்றுமே இல்லை. காய்ந்த இலைகள் மட்டும். நான் கடைசிச் சொட்டின் பக்கத்தில் என் தொப்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். பெவ் அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.   அவர்கள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை.

"எலும்புல பட்டு கீழ திரும்பியிருக்கும்."

"என் முனை திரும்பாது. அதுக்குத் திரும்பத் தெரியாது."

"ஒங்கள மாதிரியே."

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாய மூடறீங்களா?" என்றார் பெவ் அக்கா. நாற்பது பிள்ளைகளை வைத்துப் பேருந்து ஓட்டுகிற குரல் அது. இரண்டு பேரும் மூடினார்கள். "கீழ பாத்துட்டே இருந்தா எப்பிடி? தூரத்துல பாருங்க. அந்த ஓடைக்கு இந்தப் பக்கம் வெள்ளையா தெரியறது என்ன?"

வெள்ளை வயிறு. சரிவுக்குக் கீழே, ஓடைக்கு இப்பால், இலைகளுக்கு நடுவில். அம்பு பட்ட இடத்திலிருந்து பிறகு அளந்து பார்த்தேன், எழுபது கஜம். இரண்டு நுரையீரலும் போயிருந்தன. ஓடின வேகத்திலேயே விழுந்திருக்கிறது. படுத்து எழுந்த இடம் ஒன்றுகூட இல்லை.

நான் அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். எப்போதும் அப்படித்தான் செய்வேன். பிறகு எழுந்து, நடந்ததை ஒளிக்காமல் பெவ் அக்காவிடம் சொன்னேன். மழுங்கின பயிற்சி முனையோடு மரம் ஏறியது, அதை இரண்டு மணி நேரம் கவனிக்காதது, எல்லாம். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அவர் நிலம்.

ட்ராய் தலையில் கை வைத்துக்கொண்டான். "மூணாம் நம்பர்லயா மாட்டின? அக்கா, ஒன்னய என்ன சொல்றது."

"ஒண்ணும் சொல்லாத. சொல்ற எடத்துல நீ இல்ல."

பெவ் அக்கா யோசித்தார். "அஞ்சு மணிக்கு முன்னாடி ஒரு பெரிய கொம்பன் என் சமையக்கட்டு ஜன்னலுக்கு நேரா நடந்து போச்சு. ஒன் மரத்துப் பக்கமிருந்துதான் வந்துது. டார்லா மேல தூங்கிட்டாளான்னு நெனச்சேன்."

"முழிச்சுட்டுதான் இருந்தேங்க்கா. என் முன்னாடியே நாலு நிமிஷம் நின்னான்."

"ஏன் விடல?"

"எங்க போகும்னு தெரியல."

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். "சரி. துப்பாக்கி சீசன் முடிஞ்சு டிசம்பர்ல வா. இன்னொரு பெண்மான் எடுத்துக்க, என் ஆப்பிள் கன்னுங்க பொழைக்கும். அந்தக் கொம்பன் வந்தா அதையும் நீயே பாத்துக்க. ரோலி வேணும்னா கூட வரட்டும்."

"நானு?" என்றான் ட்ராய்.

"நீ இப்ப அந்த மான மேல தூக்கிட்டு வா. அத வெச்சுப் பாக்கலாம்."

சரிவு செங்குத்து. ட்ராய் இழுத்தான். ரோலி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே, நிலைக்கத்தியின் பெருமைகளை மேலே வரும் வரை வரிசையாகச் சொன்னார். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு ட்ராய் சொன்னான்: "பத்து கஜம் மச்சான். பத்து கஜத்துல வெண்ணெ தடவற கத்திய தூக்கி எறிஞ்சிருந்தாலும் விழுந்திருக்கும்." அதிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. பெவ் அக்காவும் நானும் முன்னால் நடந்துவிட்டோம்.

ஈரல் அன்றே வெங்காயத்தோடு வறுத்தோம். சாசேஜ் பெட்டி பெவ் அக்காவுக்குப் போய்விட்டது. இப்போது என் கேள்வி.

டிசம்பருக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பத்து கஜத்தில் மான் மறுபடி வந்து நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன, எனக்கு மறைவு இல்லை, இருபது கஜம்தான் கிடைக்கும். குளிருக்குத் தடித்த சட்டை போட்டால் தோள் இன்னும் கொஞ்சம் சுருங்கும். நாற்பத்திரண்டு பவுண்டுக்கு இறக்க வேண்டி வரலாம். வில் கடைக்காரர் மலையிலிருந்து திரும்பிவிட்டார், எல்க் கிடைக்கவில்லையாம், அதனால் கடையில் நிறைய நேரம் இருக்கிறார். வில்லைச் சரிசெய்து நிலைக்கத்தியையே நேராகப் பறக்க வைக்கலாம் என்கிறார், ஆனால் அதற்கு நான் ஐந்நூறு அம்பாவது விட்டுப் பார்க்க வேண்டும், என் தோள் ஒரு நாளைக்கு இருபதுக்கு மேல் தாங்காது. விரிகத்தி என்றால் நாளைக்கே ஏறலாம், ஆனால் எலும்பில் பட்டால் பன்றித் தோள் கதைதான். பெவ் அக்கா இன்னொரு தடவை பின்னங்காலைப் பார்க்கக் கூடாது.

அதனால் ஐம்பது பவுண்டுக்குக் கீழே இழுக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்களும் தோள் அடிபட்டவர்களும், தயவுசெய்து பதில் எழுதுங்கள். எத்தனை பவுண்டு இழுக்கிறீர்கள், அம்பு என்ன எடை, எந்த முனை, பட்ட பிறகு மான் எவ்வளவு தூரம் ஓடியது என்று நாலும் சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள், பெட்டியின் பின்னால் அச்சடித்ததை வேண்டாம். மான் கிடைக்காமல் போன கதை இருந்தால் அதையும் எழுதுங்கள், எனக்கு அதுதான் அதிகம் உதவும். ரோலியும் ட்ராயும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் போடாமல், எனக்குப் போடுங்கள்.